எழுவாய் இல்லாத சூடு

“எண்பத்தி மூணு,” என்றார் படக்காரர், மேஜைக்கு அடியிலிருந்து.

அறையில் வேறு யாரும் இல்லை. கம்ப்யூட்டரிடம்தான் சொன்னார். ஒரு கையில் கோப்பு அட்டையை வைத்து அதற்கு விசிறிக்கொண்டிருந்தார். திரையின் மூலையில் இதுவரை பச்சையாக இருந்த எண் சிவப்பாக மாறியிருந்ததை அங்கிருந்தே எட்டி எட்டிப் பார்த்தார். கம்ப்யூட்டருக்குள் படம் வரைந்து தள்ளும் கிராபிக்ஸ் கார்டின் சூடு அது.

அடுக்குமாடி வீடு கட்டி விற்கும் அலுவலகம் அது. இன்னும் அஸ்திவாரம்கூடத் தோண்டாத வீட்டைக் கட்டி முடித்துக் குடிவந்த மாதிரி வீடியோவில் காட்டுவதுதான் அவருடைய வேலை. அதனால் படக்காரர். அவர் நாலடி தள்ளிப் போனதும் மற்றவர்கள் ‘படம் காட்டுறவர்’ என்பார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை. இரண்டு வீடியோ பார்த்துவிட்டு மூன்றாவது விஷயத்தில் ஆலோசனை சொல்லக்கூடிய மனிதர் அவர். அது அவருக்கே தெரியும். தெரிந்தும் வாய் சும்மா இருக்காது.

இந்தக் கார்டு வந்ததே அந்த வாயால்தான். பழைய கார்டில் ஒரு நிமிட வீடியோ வெளியே வர ஒரு யுகம் ஆகிறதென்று முதலாளியிடம் போய் நின்று, கை மாறி வந்த பெரிய கார்டு ஒன்றை வாங்கவைத்தார்.

“பழசுன்னா நிக்குமா?” என்று கேட்டார் முதலாளி.

“இரும்பு சார். நான் பொறுப்பு.”

“சரி. இந்த வீடியோவைக் காட்டித்தான் மொத்த மாடியையும் விக்கணும். பாதியில அது புகைஞ்சா, அதோட சேர்ந்து நீங்களும் கிளம்பிடலாம்.”

முதலாளி அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அப்போதெல்லாம் அவர் சிரிப்பார்.

இப்போது அந்த இரும்பு எண்பத்து மூன்றில் நின்றது. வீடியோ இன்னும் கால்வாசிகூட வரவில்லை. வீட்டில் மனைவியிடம் இதைச் சொன்னபோது அவள் நிதானமாகக் கேட்டாள்.

“உங்களை யாராவது ‘நான் பொறுப்பு’ன்னு சொல்லச் சொன்னாங்களா?”

“இல்ல.”

“அப்புறம் ஏன் சொன்னீங்க?”

“ஒரு வேகத்துல வந்துடுச்சு.”

“அந்த வேகம் கம்ப்யூட்டர்ல இருந்திருந்தா கார்டே தேவைப்பட்டிருக்காது,” என்று சொல்லிவிட்டு அவள் துணி மடிக்கப் போய்விட்டாள்.

முதல் வைத்தியமாக அவர் கம்ப்யூட்டரின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினார். எதிரே ஒரு பெடஸ்டல் ஃபேனை வைத்து முழு வேகத்தில் ஓடவிட்டார். சூடு இரண்டு புள்ளி இறங்கியது. உள்ளே படிந்திருந்த தூசி மொத்தமாகக் கிளம்பி அவர் தலையில் உட்கார்ந்தது. மேஜையில் இருந்த வரைபடங்கள் நடைவழி வரைக்கும் பறந்தன. அவற்றைப் பொறுக்கிக்கொண்டு திரும்பியபோது எண் பழைய இடத்திலேயே இருந்தது. அறையே கொதிக்கும்போது ஃபேன் என்ன செய்யும், சூட்டையே எடுத்துச் சூட்டின் மேல் அடிக்கும் என்பது அப்போதுதான் அவர் மண்டையில் உறைத்தது.

அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. ஆகவே இரண்டாவது வைத்தியம், எக்ஸாஸ்ட் ஃபேன். எலக்ட்ரீஷியன் வந்து கம்ப்யூட்டரின் முதுகுக்கு நேராக அதைப் பொருத்தி, மடித்து நீட்டும் குழாய் ஒன்றை மாட்டினார்.

“குழாயை எங்க விடணும் சார்?”

“மேல விடுங்க. ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல காலி இடம்தான.”

“அது எங்க போய்ச் சேரும்னு தெரியலையே.”

“காத்துக்கு யாராவது வழி சொல்லிக் குடுப்பாங்களா? அதுவா போகும்.”

போனது. எண் எழுபத்து நான்குக்கு இறங்கி மறுபடி பச்சையானது. படக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. இவ்வளவு குளிர்ந்துவிட்டதே, கொஞ்சம் அழகு சேர்த்தால் என்ன என்று வீடியோவில் புல்தரைக்கு ஒவ்வொரு புல்லாக முளைக்கவைத்தார். நீச்சல் குளத்துத் தண்ணீரில் வானத்தைத் தெரியவைத்தார். வரவேற்பறையில் ஒரு கண்ணாடியையும், அதற்கு எதிரே இன்னொரு கண்ணாடியையும் மாட்டினார். கார்டு பெருமூச்சு விட்டது. எண் எண்பத்தொன்றுக்கு வந்து நின்றது. செய்த அழகைத் திரும்ப எடுக்க மனசு வரவில்லை.

இதற்கு நடுவில், அலுவலகத்தில் உள்ளவர்கள் எல்லோரும் சின்னச் சின்ன வேலைகளை அவருடைய கம்ப்யூட்டருக்குத்தான் அனுப்புவார்கள். கதவு நிறத்தை மாற்று, படிக்கட்டைத் திருப்பு என்று. ஒவ்வொன்றுக்கும் எண் துள்ளியது. இதை நிறுத்தியாக வேண்டும் என்று அலுவலக குரூப்பில் ஒரு செய்தி போட்டார். முதலாளி இல்லாத குரூப் அது. அதனால்தான் அது உயிரோடு இருந்தது.

‘81. ஏறிக்கிட்டே இருக்கு. இப்ப யாரும் எந்த வேலையும் குடுக்காதீங்க. கொஞ்சம் ஆறட்டும்.’

எழுவாய் என்று ஒன்று தமிழில் உண்டு. யார், எது என்று சொல்வது. படக்காரர் அதைப் பள்ளிக்கூடத்திலேயே விட்டுவிட்டு வந்தவர். எது ஏறுகிறது, எது ஆறவேண்டும் என்று அவர் எழுதவில்லை. அவருக்கு உலகத்தில் சூடாகக்கூடிய பொருள் அந்தச் சமயத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

ஆனால் அலுவலகத்துக்கு வேறொன்று இருந்தது. அந்தச் செய்தி வந்த நேரத்தில் சைட் சூப்பர்வைசர் முதலாளி அறையிலிருந்து காது சிவக்க வெளியே வந்துகொண்டிருந்தார். சிமெண்ட் லாரி தாமதம் என்று சொன்னதற்கு அவருடைய மூன்று தலைமுறையும் உள்ளே விசாரிக்கப்பட்டிருந்தது. சிரித்துப் பேசும் முதலாளி கொஞ்ச நாளாகவே இப்படித்தான் எரிந்து விழுகிறார். சூப்பர்வைசர் போனைப் பார்த்தார். எண்பத்தொன்று. ஏறிக்கிட்டே இருக்கு.

“கரெக்டா சொல்லியிருக்காரு மனுஷன்,” என்று கணக்கு அக்காவிடம் காட்டினார்.

கணக்கு அக்கா கையெழுத்து வாங்க எடுத்துப் போன காகிதங்களைத் திரும்பக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார்.

சாயங்காலம் படக்காரர் ‘66. இப்ப பரவாயில்ல. அவசர வேலை இருந்தா குடுக்கலாம்,’ என்று போட்டார். முதலாளி அறை வாசலில் வரிசை நின்றது. உள்ளே போனவர்கள் எல்லோரும் சிரித்த முகத்தோடு வந்தார்கள். தண்ணீர் எடுக்க வந்த படக்காரர் அந்த வரிசையைப் பார்த்தார். ஏதோ விடுமுறை கேட்கிறார்கள்போல என்று நினைத்துக்கொண்டு அவர் பாட்டுக்குப் போனார்.

அதற்குப் பிறகு அவர் தினமும் குரூப்பில் எண்ணைப் போட ஆரம்பித்தார். அவருக்கு ராஜ மரியாதை. நடைவழியில் பார்ப்பவர்கள் எல்லாம் “இன்னிக்கு எவ்வளவு சார்?” என்று கேட்டார்கள். இதுநாள்வரை அவர் கம்ப்யூட்டரைப் பற்றிப் பேச வாயெடுத்தாலே கைகழுவப் போகிறவர்கள் அவர்கள். கடைசியில் இந்த ஜனங்களுக்கும் தொழில்நுட்பத்தில் ஆர்வம் வந்துவிட்டதே என்று அவருக்குக் கண் கலங்கியது. ஒருநாள் கணக்கு அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“தம்பி, ஒண்ணு கேக்கறேன். இது ஏன் திடீர்னு இப்படி ஏறுது?”

“வயசுதான்க்கா காரணம். ரொம்ப வருஷம் ஓடியிருக்கு. மண்டைல தடவியிருந்தது காஞ்சு போயிருக்கும்.” கார்டின் சிப் மேல் சூட்டைக் கடத்தத் தடவும் பசையைத்தான் சொன்னார்.

“மண்டைலயா?”

“ஆமா. அது காஞ்சா சூடு உள்ளயே தங்கிடும். துடைச்சிட்டு புதுசா தடவணும். நடுவுல ஒரு சொட்டு, அவ்வளவுதான்.”

“யாரு தடவறது?”

“நான்தான்.”

கணக்கு அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார். “விடுவாரா தம்பி?”

முதலாளியின் அனுமதியைப் பற்றித்தான் கேட்கிறார் என்று படக்காரர் எடுத்துக்கொண்டார். “அவர்கிட்ட எதுக்குக் கேக்கணும்? எல்லாரும் போனப்புறம் ஆஃப் பண்ணிட்டு, கழட்டி, மேஜைல படுக்கவச்சு வேலையை முடிச்சிடுவேன். காலைல வந்து பாத்தா அவருக்கே தெரியாது.”

கணக்கு அக்கா எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் முழுவதையும் குடித்தார்.

அந்த வாரம் எண் இன்னும் ஏறியது. படக்காரர் விடவில்லை. எக்ஸாஸ்ட் ஃபேனைக் கழற்றிவிட்டு இரண்டு மடங்கு வேகமுள்ளதை மாட்டினார். கார்டில் மூன்று புள்ளி குறைந்தது. ஆனால் பக்கத்து அறையிலிருந்து பலகைச் சுவரைத் தாண்டி வரும் முதலாளியின் குரல் முப்பது புள்ளி ஏறியது. ‘மனுஷனுக்கு என்ன கஷ்டமோ’ என்று படக்காரர் கவலைப்பட்டார். கவலைப்பட்டுவிட்டு, கார்டைப் பற்றி மனம் திறந்து குரூப்பில் எழுதினார்.

‘84. நானும் என்னென்னவோ பண்ணிப் பாத்துட்டேன். பழைய சரக்கு. இதுக்கு மேல தாங்காது. இந்த வீடியோ முடியற வரைக்கும் எப்படியாவது ஓட்டிட்டு, அப்புறம் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு மாத்தறதுதான் நல்லது.’

இதற்குப் பதினோரு பேர் கட்டைவிரலை உயர்த்தினார்கள். சூப்பர்வைசர் இரண்டு கையையும் கூப்பியிருந்தார்.

வினை அன்றைக்கே வந்தது. நான்கு வீடுகளை மொத்தமாக வாங்கும் எண்ணத்தோடு ஒரு பெரிய மனிதர் முதலாளியைப் பார்க்க வந்தார். கணக்கு அக்கா அவரைத் தனியே அழைத்துப் போய், “இப்ப எண்பத்தி நாலுங்க. அறுபத்தஞ்சுக்கு வந்ததும் நானே கூப்பிடறேன்,” என்று பொறுப்பாகச் சொல்லி அனுப்பிவைத்தார். விலையைத்தான் சொல்கிறார் என்று நினைத்த அந்த மனிதர் வண்டியில் ஏறியதும் முதலாளிக்குப் போன் செய்தார்.

“என்னங்க, உங்க ஆபீஸ்ல வீட்டு விலை காலைல ஒண்ணு சாயங்காலம் ஒண்ணா?”

முதலாளி அறைக் கதவு திறந்தது. அலுவலகமே கீபோர்டைத் தட்டுவதுபோல் பாவனை செய்தது.

“எண்பத்தி நாலுன்னா என்ன?”

கீபோர்டுச் சத்தம் இன்னும் பலமானது.

“கேக்கறேன்ல. எண்பத்தி நாலுன்னா என்ன?”

சூப்பர்வைசருக்கு ஏற்கெனவே வாங்கியது போதும் என்றாகிவிட்டது. போனை நீட்டினார். முதலாளி நின்றவாக்கிலேயே கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, முதல் செய்தியிலிருந்து கடைசிச் செய்தி வரைக்கும் படித்தார். ‘பழைய சரக்கு’ என்ற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றார்.

“படக்காரர் எங்க?”

படக்காரர் அப்போதுதான் வெளியே வந்தார். எல்லோருடைய முகத்தையும் பார்த்தார். சூப்பர்வைசர் அவர் காதோரமாக, “உங்க சூடு கணக்கெல்லாம் முதலாளி பாத்துட்டாரு சார். அவரைப் பத்தித்தான்னு புரிஞ்சிடுச்சு,” என்றார்.

“அவரைப் பத்தியா? நான் கார்டைப் பத்தில்ல எழுதினேன்.”

“எந்தக் கார்டு?”

அந்தக் கேள்வியில் படக்காரருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வரிசை, மரியாதை, கட்டைவிரல், கணக்கு அக்கா குடித்த தண்ணீர், எல்லாம். முதலாளியைக் கழற்றி மேஜையில் படுக்கவைக்கப் போவதாக அல்லவா சொல்லியிருக்கிறோம். தொழில்நுட்ப ஆர்வமாம். இத்தனை வயசுக்கு அதைக்கூட நம்பியிருக்கிறாயே, உன்னை என்ன செய்தால் தகும் என்று தன்னையே திட்டிக்கொண்டு உள்ளே போனார்.

முதலாளி கதவைச் சாத்தினார். படக்காரருக்கு நெற்றியில் வேர்வை ஆறாக ஓடியது. பயத்தில் இவ்வளவு வேர்க்குமா என்று அவருக்கே வியப்பாக இருந்தது.

“உக்காருங்க,” என்றார் முதலாளி. குரல் தாழ்ந்திருந்தது. “எப்படிக் கண்டுபிடிக்கிறீங்க?”

“எதை சார்?”

“முந்தாநாள் சூப்பர்வைசர்கிட்டக் கத்தினேன். நீங்க எண்பத்தி ரெண்டுன்னு போட்டிருக்கீங்க. செவ்வாய்க்கிழமை டெலிபோனைத் தூக்கி அடிச்சேன். அன்னிக்கு எண்பத்தி அஞ்சு. நேத்து சாயங்காலம் மனசு லேசா இருந்துச்சு. அறுபத்தி ஆறு. டாக்டர் எத்தனையோ மெஷின் வச்சுப் பாத்துட்டாரு. பிரஷர் இல்ல, சுகர் இல்ல. ‘உள்ள அடக்கி வச்ச கோபம்தான் வேர்வையா வருது, தொழிலை விட்டுட்டு ஓய்வெடுங்க’ன்னு சொல்லிட்டாரு. நீங்க ‘பழைய சரக்கு’ன்னு எழுதினதும் சரிதான். கடையை மூடலாமான்னு யோசிச்சிட்டிருக்கேன், படக்காரரே. வீட்டுல நான் இப்படி இல்ல. இங்க வந்து உக்காந்தா எனக்கு என்ன ஆகுதுன்னே புரியல.”

அவர் கண் கலங்கியிருந்தது. படக்காரருக்குப் பாவமாக இருந்தது. உண்மையைச் சொல்லிவிட நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அது கார்டின் சூடு என்று சொன்னால், இரும்பு என்று சத்தியம் செய்த கார்டு எண்பத்தைந்தில் கொதிக்கிறது என்றும் சொல்லவேண்டும். அடுத்த நிமிடம் அவரும் கார்டும் ஒரே பையில் வெளியே போகவேண்டும்.

“முகத்தைப் பாத்தாலே தெரிஞ்சிடும் சார்,” என்றார். ஒரு வேகத்தில் வந்துவிட்டது.

“அப்ப நீங்க என் கூடவே இருங்க. ஏற ஏறச் சொல்லுங்க. நான் பாத்துக்கறேன்.”

அப்படித்தான் படக்காரரின் நாற்காலி முதலாளி அறைக்குள் வந்தது. கம்ப்யூட்டர் பக்கத்து அறையில் தன்னந்தனியாக வீடியோவை உருட்டிக்கொண்டிருந்தது. அதன் சூடு இவருடைய போனில் வந்துகொண்டிருக்கும். இவர் போனை மேஜைக்கு அடியில் பார்த்துவிட்டு முதலாளியின் முகத்தை ஆராய்வதுபோல் கண்ணைச் சுருக்குவார்.

“எண்பத்தி மூணு சார். கொஞ்சம் கீழ நடந்துட்டு வாங்களேன்.”

முதலாளி நல்ல பிள்ளையாக எழுந்து போவார். காற்று வாங்கிவிட்டு, பழைய சிரிப்போடு வருவார். “அற்புதம்யா உங்க கணக்கு,” என்பார்.

பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள ஆளில்லையே என்று படக்காரர் குழாயின் நடுவில் இன்னொரு ஃபேனையும் சொருகிவைத்தார். கார்டு மூச்சு விட்டது. ஆனால் முதலாளி அறையில் உட்கார ஆரம்பித்ததிலிருந்து அவருக்கே ஏதோ ஆகிவிட்டது. காரணமில்லாமல் எரிச்சல் வந்தது. ஒருநாள் கணக்கு அக்கா கதவைத் தட்டாமல் நுழைந்ததற்கு, “அறிவில்ல?” என்று கத்திவிட்டார். கத்தியவுடன் எழுந்து நின்று கைகூப்பினார்.

“மன்னிச்சிடுங்கக்கா. எனக்கே தெரியாம வந்துடுச்சு.”

“உங்களுக்கும் ஒட்டிக்கிச்சா தம்பி?” என்று கணக்கு அக்கா வாசலிலேயே பின்வாங்கினார்.

மனைவியிடம் அன்றைக்கு அவர் சொன்னார்: “பெரிய பொறுப்புல உக்காந்தாலே கோபம் தானா வரும்போல. அது பதவியோட குணம்.”

“உங்களுக்கு என்ன பதவி?”

“முதலாளி பக்கத்துல நாற்காலி.”

“அது பதவியில்ல. ஸ்டூல்.”

கடைசியில் அந்த நாள் வந்தது. வீடியோவில் இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. எண் எண்பத்தெட்டில் நின்றது. படக்காரர் முதலாளியைக் காலையிலிருந்து மாடிப்படியில் ஏறி இறங்கவைத்துக்கொண்டே இருந்தார். தெரிந்த கடவுளையெல்லாம் கூப்பிட்டார். தெரியாதவர்களிடமும் ஒரு விண்ணப்பம் வைத்தார். போனில் ‘முடிந்தது’ என்று வந்தபோது அவருக்கு அழுகையே வந்துவிட்டது. கார்டு புகையவில்லை. வேலை போகவில்லை.

முதலாளி வீடியோவைப் பார்த்தார். ஒவ்வொரு புல்லையும் பார்த்தார். கண்ணாடிக்குள் கண்ணாடியைப் பார்த்தார். டாக்டரிடம் அழைத்துப் போவதற்காக முதலாளியம்மா அப்போதுதான் வந்து, கணவரின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

“இவர்தான்,” என்று முதலாளி படக்காரரின் தோளில் கை போட்டார். “டாக்டர் கண்டுபிடிக்காததை இவர் கண்டுபிடிச்சாரு. இவர் மட்டும் இல்லைன்னா நான் தொழிலையே மூடியிருப்பேன். இனிமே இந்த ஆபீஸ்ல எனக்கு அடுத்தது இவர்தான்.”

கதவோரம் கூடியிருந்தவர்கள் கை தட்டினார்கள். படக்காரர் அடக்கமாகத் தலை குனிந்தார். அடக்கம் அவருக்குப் பழக்கமில்லாததால் கொஞ்சம் அதிகமாகவே குனிந்துவிட்டார்.

முதலாளியம்மா மட்டும் கை தட்டவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்தார். மறுபடி துடைத்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்து, விளக்கு மாட்டாமல் விட்ட சீலிங் ஓட்டையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே கேட்டார்.

“ஏங்க, டாக்டர்கிட்ட அப்புறம் போகலாம். உங்க உச்சந்தலைக்கு நேரா அனல் காத்தை ஊதிவிட்டிருக்கற புண்ணியவான் யாருன்னு முதல்ல கேளுங்க.”